நல்லாருக்கீங்களாம்மா

"ஏ சாவுகிராக்கி, துன்னியாடி?"

இன்று காலை காசிமேட்டில், நம் இறால் உரிக்கும் கொட்டகையில் ஒருத்தி கத்தினாள். "இன்னும் இல்லடி" என்று நான் பதில் சொல்லிவிட்டேன். அவள் கேட்டது தன் தோழியை. எல்லோரும் சிரித்தார்கள். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

இருபது வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரித்தாய். ஒரு நாளாவது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாயா? சாவுகிராக்கி, கஸ்மாலம், பேமானி, வாயில் வந்ததெல்லாம் நான்தான்; நானும் பதிலுக்கு அப்படியே திட்டுவேன். எனக்குக் காய்ச்சல் வந்தால், "செத்துத் தொலையேண்டி, நிம்மதியா இருப்பேன்" என்று திட்டிக்கொண்டே கஞ்சி ஊட்டுவாய். அந்தப் பாசத்தை வேறு யார் வாயிலும் நான் கேட்டதில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட.

அதை நானே கெடுத்தேன். படித்து வேலைக்குப் போன என் மகளைப் பெண் பார்க்க அடையாறிலிருந்து வந்திருந்தார்கள். நீ இறால் வாடையோடு, கையில் ஒரு பந்து மல்லிப்பூவோடு ஓடி வந்தாய். "இன்னாடி கய்தே, எனுக்குச் சொல்லாமயே பொண்ணத் தள்ளிவுடப் பாக்குறியா?" முகமெல்லாம் சிரிப்பு. மாப்பிள்ளையின் அம்மா மூக்கைச் சுளித்தாள். பாவி நான் என்ன சொன்னேன்? "பக்கத்துத் தெருவுல இருக்கறவங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டு, உன்னைப் பார்த்து, "நீங்க அப்புறம் வாங்க" என்றேன்.

பூவை வாசலில் வைத்துவிட்டுப் போனாய். அந்தச் சம்பந்தமும் கூடி வரவில்லை.

மறுநாள் நீ கத்துவாய், இறால் ஓட்டை என் மூஞ்சியில் வீசுவாய் என்று பயந்துகொண்டு போனேன். பயம் என்ன பயம், அதற்குத்தான் ஏங்கினேன். நீ நகர்ந்து இடம் விட்டாய். "நல்லாருக்கீங்களாம்மா?" என்றாய். நாலு வருஷம் அதே கேள்வி. ஒரு நாள் காலிலேயே விழுந்தேன். "ஐயோ, எழுந்திருங்க" என்றாய். வெறுப்பை இத்தனை மரியாதையாகச் சொல்ல முடியுமா? கெட்டிக்காரிடி நீ.

நீ செத்த அன்று பெண்கள் உன்னைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து, "அடிப்பாவி, எங்கள உட்டுட்டுப் பூட்டியேடி" என்று மாரடித்துக்கொண்டு உன்னைத் திட்டினார்கள். செத்தவளைத் திட்ட உரிமை வேண்டும். நானும் வாயைத் திறந்தேன். அதற்குள் உன் மகள், வெளியாட்களுக்குப் போடுகிற பிளாஸ்டிக் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டாள். "உக்காருங்கம்மா."

உட்கார்ந்தேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கு வாய் வரை வந்தது இன்னும் தொண்டையிலேயே கிடக்கிறது. சாவுகிராக்கி, இனிமே நான் யாரத் திட்டுவேண்டி?