முரசின் மேல் இரண்டு முட்டை

நலம் பெருகுக. ஐந்து பள்ளத்தாக்கின் காவலனும், ஐங்குடியும் கைதொழும் முரசை உடையவனும், இரண்டு ஆற்றுக்கும் நடுவே பகைவர் கால் படாமல் காத்தவன் என்று புலவர் வாயால் புகழப்பெறுபவனுமாகிய நெடுவரை நாட்டரசன் செங்கண்ணரையன், பரல்கோட்டையை ஆளும் அரசியும், வாயிற்போரில் வீழ்ந்த பொலங்கண்ணனின் தேவியும், மூன்று வயதுச் சிறுகோமகனின் தாயும், எம் ஒரே மகளுமாகிய நல்லெயினிக்கு விடுக்கும் ஓலை. உன் மதில் நிலைத்திருக்கட்டும். உன் கிணறு ஊறட்டும். உன் பிள்ளை நன்றாக உறங்கட்டும். பட்டங்களை வழக்கப்படி எழுதிவிட்டோம். அவற்றுள் ஒன்றுகூட இன்று எமக்குக் கைகொடுக்கவில்லை என்பதையும் முதலிலேயே எழுதிவிடுகிறோம். எழுத்தாணியை ஓலைநாயகரிடமிருந்து வாங்கி யாமே எழுதுவதால், வரி கோணியிருந்தால் பொறுத்துக்கொள்.

நீ மடைவழியாக அனுப்பிய தூதன் ஐந்து நாளுக்கு முன் உச்சிப்பொழுதில் வந்து சேர்ந்தான். ஓடைநாட்டு மிடலன் உன் கோட்டையைச் சூழ்ந்துகொண்டான் என்பதும், அவன் யானைகள் வடக்கு மதிலை இடிக்கின்றன என்பதும், அம்மதில் இன்னும் இருபது நாளே தாங்கும் என்பதும், அதற்குள் எம் படை வரவேண்டும் என்பதும் அறிந்தோம். அறிந்த கணமே எழுந்து முரசறையச் சொல்ல வாய் திறந்தோம். திறந்த வாயை மூடிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தோம். காரணத்தைக் கேட்டால் நீ சிரிப்பாயோ, எம்மைச் சபிப்பாயோ, தெரியவில்லை. முரசின் மேல் ஒரு மணிப்புறா முட்டையிட்டிருக்கிறது.

பிழை எம்முடையது. மழைக்காலம் கழிந்ததும் முரசின் தோல் உலர, அதை அரண்மனைப் பின்தோட்டத்தில் நாவல் மரத்தருகே மூன்று நாள் வெயிலில் வைப்பது நீ அறிந்த வழக்கமே. நான்காம் நாள் அதை உள்ளே எடுத்துச்செல்ல வந்தவர்களிடம், இருக்கட்டும், இடம் நன்றாக இருக்கிறது என்று யாமே சொல்லி அனுப்பினோம். நீ மணமாகிப் போகுமுன் அங்கே தினை இறைத்துப் பழக்கிய புறாக்கள் இன்னும் தவறாமல் வருகின்றன. பகலுணவு முடிந்ததும் அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதே சில ஆண்டுகளாக எமக்கு ஒரே இன்பம். ஒரு புறா மற்றொன்றின் முன் கழுத்தைப் புடைத்துக்கொண்டு குனிந்து குனிந்து வணங்கும்; மற்றதோ கண்டுகொள்ளாமல் தினையைக் கொத்தும். அரசவையில் எமக்கு நடப்பதும் ஏறக்குறைய அதுதான். அப்படி ஒரு நாள் ஆண்புறா இரண்டு சுள்ளியைக் கொண்டுவந்து முரசின் மேல் வைத்தது. ஒரு விரலால் தட்டிவிட்டிருந்தால் முடிந்திருக்கும் காரியம். யாமோ, இடம் பார்க்கத் தெரிந்த பறவை என்று சொல்லிச் சிரித்தோம்.

உனக்குத் தெரிந்ததுதான் எனினும் உன் அவையினரும் அறியும்பொருட்டு எழுதுகிறோம்: இந்நாட்டில் ஈற்றடைக்கலம் என்றோர் ஆணை உண்டு. ஈன்ற உயிர், பெண்ணாயினும் பசுவாயினும் பறவையாயினும், தன் குட்டியோ குஞ்சோ எழுந்து நடக்கும்வரை, பறக்கும்வரை, கிடக்கும் இடத்திலிருந்து அசைக்கப்படலாகாது. அரசன் நிலத்திலேயே கிடந்தாலும் அந்த இடம் அதற்கே உரியது. தனித்தனியே கிடந்த ஐந்து குடியும் எம் முன்னோரை அரசராக ஏற்றது இந்த ஒரே ஆணையின் மேல்தான். வெறும் சுள்ளிக்கு அடைக்கலம் கிடையாது. முட்டைக்கு உண்டு. உன் தூதன் வந்த அன்று காலையில்தான் புறா இரண்டாவது முட்டையையும் இட்டிருந்தது.

அவை கூட்டினோம். படைத்தலைவன் ஏற்றன், முரசைக் கூட்டோடு தூக்கிச் செல்லலாம் என்றும், மிக மெல்லத் தட்டினால் போதும் என்றும் விண்ணப்பித்தான். ஐங்குடிக்கும் மூத்தவரான கருவந்தையார், பிள்ளை பெற்றுக் கிடப்பவளின் கட்டிலருகே நின்றுகொண்டு அவன் முரசை மிக மெல்லத் தட்டுவானோ என்று வினவினார். வேறு முரசு செய்வதென்றால் ஐந்து குடியும் தத்தம் ஏற்றின் தோலைத் தந்து, பதம் செய்து, போர்த்து முடிக்க ஒரு கோடைக்காலம் ஆகும். முரசு முழங்காமல் புறப்படும் கூட்டத்தைக் கொள்ளைக்கூட்டம் என்றே எம் மக்கள் சொல்வர். அதில் ஒருவனும் சேரான்.

அப்படியாயின் கூட்டை யாமே எம் கையால் கலைக்கிறோம், பழி எம் தலைமேல் விழட்டும் என்றோம். கருவந்தையார் அழுதுவிட்டார். தம் பேரர் மூவரும் வேல் தீட்டிக் காத்திருப்பதாகவும், நல்லெயினி தமக்கும் மகள்தான் என்றும், ஆயினும் அடைக்கலம் அழிந்த நாளில் ஐங்குடிக்கு அரசன் இல்லை, அரசனுக்கு ஐங்குடியும் இல்லை என்றும் கூறினார். கூட்டைக் கலைத்தால் முரசு கிடைக்கும், அதன் பின்னே நடக்க ஆள் இருக்கமாட்டார்கள் என்பது அதன் பொருள். அவர்மேல் சினங்கொள்ள முயன்றோம். வரவில்லை, மகளே.

அன்று முதல் தோட்டத்திலேயே அமர்ந்திருக்கிறோம். நால்வகைப் படை உடைய அரசன் செய்யக்கூடியது இப்போது இது ஒன்றே. பகலில் ஆண்புறா அடைகாக்கிறது. மாலையில் பெண்புறா வந்து இடம் மாற்றிக்கொள்கிறது. முட்டை பொரியப் பதினான்கு நாள், குஞ்சு பறக்கப் பதினான்கு நாள், படை உன்னிடம் வந்து சேர இரண்டு நாள் என்று எண்ணிப் பார்க்கிறோம். எப்படி எண்ணினாலும் உன் மதிலுக்குப் பத்து நாள் குறைகிறது. எழுந்து பறந்து போய்விடு தாயே என்று அந்தப் பறவையிடம் கெஞ்சியும் பார்த்தோம். அது கண்ணை மூடித் திறந்தது.

இன்னொன்றையும் மறைக்கமாட்டோம். நேற்று நாவல் மரக்கிளையில் ஒரு வல்லூறு வந்து அமர்ந்து கூட்டையே பார்த்தது. யாமும் வல்லூற்றையே பார்த்தோம். எடுத்துக்கொண்டு போகட்டும், யார் கையும் கறைபடாது என்று மனம் சொல்லிற்று. ஆண்புறா நடுங்கியதே தவிர முட்டையை விட்டு நகரவில்லை. வல்லூறு சிறகை விரித்தபோது எம் கைகள் எம்மைக் கேளாமலே கொட்டி ஓசை எழுப்பிவிட்டன. அது பறந்துவிட்டது. அதற்காக மகிழ்ந்தோமா என்றால் இல்லை. உன்னைக் கைவிட்டோம் என்று நினைத்து நெடுநேரம் விம்மினோம். காவலர் மறுபக்கம் திரும்பி நின்றனர்.

ஆகவே இன்று முடிவு செய்தோம். படைக்கு முரசு வேண்டும். தகப்பனுக்கு வேண்டியதில்லை. நாளை விடியலில் ஆயுதமும் குடையும் இன்றி, ஒரு மாட்டுவண்டியில், மிடலனின் பாசறைக்குப் போகிறோம். உன் தூதன் நுழைந்த மடைவழியில் எம் வயிறு நுழையாது, எனவே நேர்வழிதான். எம்மைத் தன் காலடியில் காண அவனுக்கு நெடுநாள் ஆசை. அவனோ பேரம் பேசுவதென்றால் உணவையும் மறப்பவன். பேச்சு நடக்கும்வரை யானையை நிறுத்தச் சொல்வோம். ஊர் ஊராக, ஓடை ஓடையாகப் பேசுவோம். பத்து நாள் பேசுவோம். அதற்குமேல் அவன் என்ன செய்வான் என்று எமக்குத் தெரியாமல் இல்லை. குஞ்சுகள் பறந்த அன்றே முரசறைந்து புறப்படும்படி ஏற்றனுக்கு ஆணையிட்டுவிட்டோம். யாம் உயிரோடிருக்கிறோமா என்று விசாரித்துக் காலம் கடத்த வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறோம்.

இவ்வோலைக்கு முத்திரை பதிக்கவில்லை. முத்திரை மோதிரத்தையே உன் மகனுக்காக இத்துடன் கட்டி அனுப்பினோம். இனி கட்டளை. பத்து நாள் கழிந்து மிடலன் சலித்துப்போய், என்னைக் கட்டி உன் வாயிலுக்கு முன் கொண்டுவந்து நிறுத்துவான். கதவைத் திற, இல்லையேல் கிழவன் தலை உருளும் என்பான். நீ மதில்மேல் வந்து என்னை வேண்டுமட்டும் பார்த்துக்கொள். நானும் பார்த்துக்கொள்கிறேன். கதவைத் திறவாதே. நெடுவரை அரசன் சொல் இது, மாற்றுவார் இல்லை, ஞாயிறும் திங்களும் அறிக. பிள்ளையை மட்டும் அன்று மேலே தூக்கி வராதே, அம்மா.