நூன் என்றால் இரண்டு மணி

திங்கட்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? இங்கே அம்மாவுக்கு இடுப்பு வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. குனிந்து எடுக்கிற வேலைகளை மட்டும் இன்னும் நான்தான் செய்கிறேன். அப்பாவுக்கு இந்த மாதமும் நூன் ஷிப்ட். உன் புத்தகம் அச்சாகிவிட்டது என்று நீ போனில் சொன்னதிலிருந்து அவர் தெருவில் ஒருவரையும் விடவில்லை. முடிதிருத்தும் கடையில் முகமெல்லாம் நுரையோடு உட்கார்ந்துகொண்டு, "என் மூத்தவ புத்தகம் எழுதியிருக்கா" என்று சொன்னாராம். எதைப் பற்றி என்று கடைக்காரர் கேட்டதற்கு, "இங்கிலீஷ்" என்றாராம். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இன்று காலை வரை எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்தில் நிற்கிறார். அதோடு எனக்கு வாயில் வராது என்பது உனக்குத் தெரியாததல்ல.

நான் மழலையர் பள்ளியில் ஆயா வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பதினேழு வயதில் ஆயா என்றால் உனக்கே சிரிப்பு வரும். பிள்ளைகளுக்கும் குழப்பம்தான். ஆயா என்பதா, அக்கா என்பதா என்று பார்த்துவிட்டு, 'ஆயாக்கா' என்று அவர்களே வைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் ஆறு குழாய்களின் அருகே அவர்களை வரிசையாக நிறுத்திக் கை கழுவி விடுவது என் வேலை. ஒவ்வொருவரும் ஒரு 'வீட்டை'ச் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும் என்று ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். கேட், ரேட், மேட் என்று ஒரே வால் உள்ள சொற்கள் எல்லாம் ஒரு வீடு. குட்டி வகுப்பு மிஸ் இதை ஒருநாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறார். அவருக்கு ஏழாவது மாதம். அடுத்த மாதம் விடுப்பில் போகிறார். பள்ளியை நடத்துகிற பெரிய மிஸ்ஸிடம் போய், "வெளியில எதுக்கு மேடம் ஆள் தேடணும்? நம்ம ஆயாக்காவையே உதவி மிஸ்ஸா போடுங்க. அந்தப் பொண்ணு பெரியவங்ககிட்டதான் ஊமை. பசங்ககிட்ட வாய் ஓயறதே இல்ல" என்று சொல்லியிருக்கிறார். என்னிடம் வந்து, "நீ எழுதி வெச்சிருக்கிற நோட்டை எடுத்துட்டு வா, அது போதும், நீ பேசவே வேணாம்" என்றார்.

என் நோட்டு எது என்று உனக்குத் தெரியும். நீல அட்டை. ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பில் நின்றது வரை எழுதியது. பக்கத்துக்கு ஒரு வீடு. உள்ளே ஒரே வால் உள்ள சொற்களும் அவற்றின் பொருளும். பக்கத்தின் அடியில் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே வாசல். எழுத்தில் ஒரே மாதிரி இருந்து, சொல்லும்போது சேராத சொற்களை வாசலில் நிறுத்தி வைப்பேன். குட், வுட், ஹுட் எல்லாம் வீட்டுக்குள்ளே. மூட் மட்டும் வாசலில். அந்த நோட்டை நீ வெளியூருக்குப் போகும்போது, "உன் ஞாபகமா இருக்கட்டும்டி" என்று பெட்டியில் வைத்துக்கொண்டாய். எனக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது. அதனால் நான் இப்போது புது நோட்டு ஒன்று வாங்கி, நினைவிலிருந்தே நூற்றிருபது வீடுகளையும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து திரும்ப எழுதினேன்.

இன்று காலை அதைப் பெரிய மிஸ் மேசையில் வைத்தேன். நாலைந்து பக்கம் புரட்டினார். பிறகு எழுந்து போய் அலமாரியைத் திறந்து, புத்தகக் கடையிலிருந்து மாதிரிக்கு வந்த ஒரு புத்தகத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். 'வீடு வீடாக ஆங்கிலம்'. மேல் அட்டையில் உன் பெயர், உன் படிப்பு. உள்ளே என் வீடுகள், என் வாசல்கள்.

பெரிய மிஸ் இரண்டிலும் ஒரே பக்கத்தைத் திறந்தார். மூன் - நிலா. ஸ்பூன் - கரண்டி. நூன் - மதியம் இரண்டு மணி. அதில் விரலை வைத்து, "நூன்னா பகல் பன்னிரண்டும்மா. புத்தகத்துல தப்பா ரெண்டு மணின்னு போட்டிருக்காங்க. நீ அந்தத் தப்பைக்கூட விடாம காப்பி அடிச்சிருக்கே" என்றார். மையைத் தேய்த்துப் பார்த்தார். "இன்னும் மை வாசனைகூடப் போகலையே" என்றார்.

அக்கா, அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டபோது அப்பா ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, "ரெண்டு மணி" என்றார். நூன் ஷிப்ட்டுக்கு அவர் கிளம்புகிற நேரம் அது. உலகத்தில் வேறு எந்த வீட்டில் நூனுக்கு இரண்டு மணி என்று பொருள் இருக்க முடியும்? அதை நீ திருத்தக்கூட இல்லை. அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒருமுறையாவது படித்தாயா?

இது என் அக்கா என்று நான் அங்கே சொல்லவில்லை. சொன்னால் இரண்டு பேரில் ஒருத்தி திருடி என்று ஆகிவிடும். பெரிய மிஸ் கெட்டவர் இல்லை. "அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன். இது உன்னோடதுதான்னு சொல்ல யாராவது இருந்தா சொல்லச் சொல்லு. இல்லேன்னா ஆயா வேலையையாவது ஒழுங்கா பாரு" என்று சொல்லி நோட்டைத் திருப்பித் தந்தார்.

புத்தகத்தில் என் பெயரைப் போடு என்று நான் கேட்கவில்லை. நீல நோட்டை மட்டும் தபாலில் அனுப்பு. பக்கத்துக்குப் பக்கம் பழைய தேதி இருக்கிறது. அல்லது பெரிய மிஸ்ஸுக்கு ஒரே ஒரு வரி எழுது. எனக்கு அந்த வேலை வேண்டும்.

உன் பதிலுக்காகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் தங்கை


சனிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று வந்தது. கையில் வாங்கியதும் உறையைத் தடவிப் பார்த்தேன். மெல்லியதாக இருந்தது. உள்ளே நோட்டு இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

விடுதி மாறியபோது அது தொலைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். தொலைந்திருக்கலாம். அச்சுக்குக் கொடுத்து முடிந்த பிறகு தொலைந்திருக்கிறது.

அந்த நோட்டு நாம் இருவரும் சேர்ந்து செய்ததுதானே என்றும் எழுதியிருக்கிறாய். அதில் பொய் இல்லை. நம்மிடம் அகராதி இல்லை. தெரியாத சொல்லை எல்லாம் தெருவில்தான் கேட்டோம். கேட்டது நீ. நான் உன் புத்தகப் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். "டைட்னா என்னண்ணே?" என்று நீ கேட்டதும், சைக்கிள் கடைக்காரர் ஸ்பானரைத் தூக்கிக் காட்டி, "இதுக்கு மேல திருகினா மரை போயிடும்ல, அதான் டைட்" என்றார். அதை அப்படியே எழுதினேன். உன் புத்தகத்திலும் அது அப்படியே இருக்கிறது. நீ கேட்காவிட்டால் எனக்குப் பாதிப் பொருள் கிடைத்திருக்காது. அட்டையில் இரண்டு பெயர் போட இடம் இருந்ததே அக்கா.

உன் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை, இந்த நேரத்தில் பேச்சு வந்தால் ஆபத்து என்று எழுதியிருக்கிறாய். உன் கடிதம் வருவதற்கு முன்பே அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. நீ போனில் சொல்லியிருக்கிறாய். அவர் என்னிடம், "ஒரே வீட்டுச் சாமான், எந்த ரூம்ல இருந்தா என்ன? அவ மேல வரட்டும். இத்தனை வருஷம் திறக்காத வாய்தானே, இன்னும் கொஞ்ச நாள் மூடிக்கிட்டு இரு" என்றார். அம்மா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்த வருடம், யாராவது ஒருத்தி வீட்டில் நிற்க வேண்டும் என்று வந்தபோதும் அப்படித்தான் மடித்துக்கொண்டிருந்தாள். "பேசத் தெரிஞ்சவ படிக்கட்டும்" என்று அப்பா அன்று சொன்னார். அவரவர் வகுப்பில் உன்னைவிட எனக்குத்தான் மதிப்பெண் அதிகம் என்று உன்னால் சொல்லியிருக்க முடியும். நீ அப்போது பென்சில் சீவிக்கொண்டிருந்தாய்.

இதையெல்லாம் நான் எழுதியிருக்கவே மாட்டேன். உன் கடைசிப் பக்கம்தான் எழுத வைத்தது.

புத்தகம் நன்றாகப் போகிறது, இரண்டாம் பாகம் கேட்கிறார்கள், "உனக்குத்தான் இது கை வந்த வேலையாச்சேடி, பழைய நோட்டுல இருந்த மாதிரியே வாசலோட இன்னும் ஐம்பது வீடு எழுதி அனுப்பு, என்னால உன்னை மாதிரி யோசிக்க முடியல" என்று எழுதியிருக்கிறாய். மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை, வெட்கம் கெட்டு, சந்தோஷமாக இருந்தது. மூன்றாம் முறைதான் இது உன் கையெழுத்து, கீழே உன் பெயர், மேலே தேதி என்பதெல்லாம் கண்ணில் பட்டது.

பெரிய மிஸ் கேட்டது இதைத்தான். அது இப்போது என் தலையணைக்குக் கீழே இருக்கிறது.

இதை நான் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். நீயே சொல்லிவிடு. பள்ளிக்கூடத்து எண் அம்மாவிடம் இருக்கிறது. காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை பெரிய மிஸ் போனுக்குப் பக்கத்திலேயே இருப்பார். இந்தக் கடிதம் உனக்குச் செவ்வாய்க்கிழமை கிடைத்துவிடும். 'என் தங்கையும் சேர்ந்து எழுதியது' என்று சொன்னால் போதும். 'சேர்ந்து' என்றே சொல். நான் மறுக்கமாட்டேன். நீ சொல்லிவிட்டால் உன் கடிதத்தை யாருக்கும் காட்டமாட்டேன்.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கும்,
உன் தங்கை


ஞாயிற்றுக்கிழமை

அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து அலுவலக அறைக்கு வெளியே இருக்கிற நடையைப் பெருக்கினேன். பெருக்கிய இடத்தையே பெருக்கினேன். போன் இரண்டு முறை அடித்தது. ஒன்று தண்ணீர் கேன் போடுகிறவர். இன்னொன்று, பிள்ளையின் தொப்பியைப் பார்த்தீர்களா என்று ஓர் அம்மா. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு முள்ளும் ஒன்றாகச் சேர்ந்ததும் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனேன்.

வீட்டிலேயே நாலு வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கடைசிப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி மடித்து உன் கடிதத்தை மேசையில் வைத்தேன். பெரிய மிஸ் அதைப் படித்தார். உறையில் இருந்த பெயரைப் பார்த்தார். அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். "அக்காவா?" என்றார். தலையாட்டினேன். "கூடப் பிறந்த அக்காவா?" என்றார். அதற்கும் தலையாட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா, நான் என்னவெல்லாம் பேசிட்டேன்" என்றார்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் எதிரிலேயே புத்தகக் கடைக்குப் போன் போட்டார். ஐம்பது பிரதிக்குச் சொல்லி வைத்திருந்தாராம். அது வேண்டாம் என்று சொன்னார். ஏன் என்று கேட்டிருப்பார்கள் போல. கடிதத்தைப் பார்த்துக்கொண்டே காரணத்தையும் சொன்னார். பதிப்பகத்துக்கும் தெரிவியுங்கள் என்றார்.

அக்கா, நான் அங்கேதான் நின்றேன். 'வேண்டாம் மேடம்' என்று நான் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார். இரண்டே சொல். அந்த இரண்டு சொல்லும் எனக்கு வந்திருக்கும். நான் கூச்சத்தால் சும்மா நிற்கவில்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பதிப்பகத்தார் உன்னைக் கேட்பார்கள். கேட்கும்போது நீ திடுக்கிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உன் கடிதத்தைத் திருப்பி வாங்கிவிட்டேன். இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். என்னிடம் நகல் இல்லை. இல்லை என்று நீ அவர்களிடம் சொன்னாலும் இனி நான் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. நீ கேட்ட ஐம்பது வீடுகளை எழுதவில்லை. எழுதவும் மாட்டேன்.

நாளையிலிருந்து குட்டி வகுப்பில் உதவி மிஸ். இனி ஆயாக்கா என்று கூப்பிடக் கூடாது என்று பிள்ளைகளிடம் பெரிய மிஸ் சொன்னதற்கு, கடைசி வரிசைச் சுட்டி ஒருத்தி, "அப்போ எங்க ஆயாக்கா எங்கே போனாங்க?" என்று அழுதாள். நடந்ததை வீட்டில் சொன்னேன். அப்பா நான் போட்ட சாப்பாட்டைத் தொடவில்லை. அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, குனிந்து, வேறு தட்டில் போட்டாள். என்னோடு அவர் பேசுவதில்லை. முன்பும் அதிகம் பேசியதில்லை என்பதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அவ லீவுக்கு வருவாளா?" என்றாள். வருவாள் என்றேன். நேற்று உன் தலையணையை வெயிலில் போட்டாள். இன்றும் போட்டாள். அதற்கு மேல் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அதனால் வா. உன் வேலைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். நீ இதை நம்பாவிட்டாலும் பரவாயில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும். என்னைத் திட்ட வேண்டுமென்றால் கடிதத்தில் திட்டு, படிக்கிறேன். அம்மாவைப் பார்க்காமல் மட்டும் இருந்துவிடாதே. காலை எட்டரை மணியிலிருந்து மாலை நாலு மணி வரை நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கை