செத்தவர் கேட்ட நாடகம்

சிப்பிகாட்
5.3.1969

அன்புள்ள விசாலாட்சிக்கு,

நீ நலமா என்று கேட்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் கத்தியும் செவ்வாய்தோறும் ரேடியோவில் உன் குரல் திடமாகவே இருக்கிறது. போர்ட் பிளேரில் துப்புத் துலங்காத குற்றங்களை நீ நாடகமாக்கியபோதெல்லாம் பயந்துகொண்டே ரசித்தேன். ஆனால் இப்போது வரும் நாடகம் பக்தவத்சலம் கதை. பெயரை மாற்றினால் போதுமா? நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் படகேறிக் காணாமல் போன குமாஸ்தா இந்தத் தீவில் எத்தனை பேர்?

அது என் வீட்டுக்காரர் படகு. பதினொரு வருஷமாகப் போலீஸ் கேட்டாலும் நான் கேட்டாலும் "இறக்கிவிட்டேன்" என்பார். எங்கே என்று சொன்னதில்லை. நாடகத்தில் ஆளைக் கடலில் தள்ளும் தொப்பென்ற சத்தம் கேட்ட மறுநாளிலிருந்து அவரிடம் யாரும் மீன் வாங்குவதில்லை. வரும் செவ்வாய் கொலையாளியைச் சொல்லப்போகிறாயாம். உனக்கு ஏதாவது தெரிந்தால் முதலில் என்னிடம் சொல்.

கிளாரா

போர்ட் பிளேர்
7.3.1969

கிளாரா,

எனக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் பஜார் பேச்சு. பயமாக இருந்ததால் உண்மை போலவும் இருந்தது. அந்தச் சத்தம் ரேடியோ ஸ்டேஷன் பியூன் குழந்தைவேலு தண்ணீர்த் தொட்டியில் தேங்காய் மூட்டையைப் போட்டது. நாங்கள் சிரித்தோம். எழுதும்போது உன் வீட்டுக்காரர் ஜேசு அண்ணன் முகம் நினைவுக்கு வரவில்லை. நான் வர விடவில்லை என்பதே சரி.

கடைசிப் பகுதியைக் கிழித்துவிட்டேன். 'படகுக்காரர் நிரபராதி' என்று எழுதினால், தோழிக்காக எழுதினாள் என்பார்கள். என்ன செய்யட்டும்?

விசாலம்

சிப்பிகாட்
10.3.1969

விசாலம்,

தபாலுக்குக் காத்திருக்க முடியாமல் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நேற்றுப் பூசை முடிந்து வந்தால் வாசலில் செத்தவர் நிற்கிறார். தொப்பை, கையில் டிரான்சிஸ்டர், பக்கத்தில் வங்காளி மனைவி. முதலாளி தம் மகளைக் கட்டச் சொன்னதும், ஹேவ்லாக் தீவில் குடியேறியிருந்த இவளிடம் ஓடியிருக்கிறார். கொண்டுபோய் விட்டவர் என் வீட்டுக்காரர். யாரிடமும் சொல்வதில்லை என்று வேளாங்கண்ணி மாதா மேல் சத்தியமாம்.

அங்கே தமிழ்க்காரர் யாருமில்லை. தாம் கொலையுண்டது அவருக்கே உன் நாடகத்தில்தான் தெரிந்ததாம். "என்னையத் தண்ணியில போட்ட சத்தம் பிரமாதம். எனக்குப் பேசினவன் கொரல்தான் சகிக்கல" என்றார். பிறகு என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பெண்டாட்டியிடமாவது சொல்லக்கூடாதா என்று இவரைக் கேட்டேன்.

"நீ சாமியார்கிட்டச் சொன்னாப் பரவாயில்ல. விசாலாட்சி டீச்சர்கிட்டல்ல சொல்லுவ."

இத்தனை வருஷம் நானும் பஜாரோடு சேர்ந்து சந்தேகப்பட்டேன் விசாலம். நேற்று அவரிடமே சொல்லிவிட்டேன்.

"தெரியும். செபமாலையில எம் பாவத்துக்குன்னு ஒரு அருள்நிறை மரியே செபம் கூடுதலாச் சொல்லிட்டு வந்தியே" என்றார்.

நாளை பக்தவத்சலத்தை அனுப்புகிறேன். அவரே பேசட்டும்.

கிளாரா

போர்ட் பிளேர்
12.3.1969

என் கிளாராவுக்கு,

நேற்று அவர் தம் பெயரும் தகப்பனார் பெயரும் சொல்லி, உயிரோடிருப்பதாக மைக்கில் அறிவித்தார். ஊர் நம்பவில்லை. நடிகர் நன்றாகச் செய்தார் என்று பாராட்டினார்கள். ஆகவே இன்று காலை அவரையும் ஜேசு அண்ணனையும் மீன் பஜாரில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தேன். பழைய முதலாளி வந்து பக்தவத்சலத்தின் கையைக் கிள்ளிப் பார்த்தார். "எம் பொண்ணுக்கு இப்ப மூணு புள்ளைங்க. ஓடுனதே நல்லது" என்று சொல்லி, ஜேசு அண்ணனிடம் பெரிய சீலா மீனாக ஒன்று வாங்கினார். அப்புறம் கூட்டம் நெருக்கியது.

நான் மன்னிப்புக் கேட்டேன். "இனிமே நாடகத்துல படகு மட்டும் வேணாம் டீச்சர்" என்றார் அண்ணன்.

எட்டு மணிக்கே கூடை காலி. எனக்கென்று ஒரு மீன்கூட எடுத்து வைக்கவில்லை. இதை நீதான் விசாரிக்க வேண்டும்.

உன் விசாலம்