சாக்பீஸ் வேன்

ஏங்க,

பத்து மணிக்கு வெல்டர் வருவார். வேன் சாவியைத் தேட வேண்டாம், என் கைப்பையில் இருக்கிறது. பின் சீட்டைக் கழற்றுவதற்கு முன் நாம் பேசியாக வேண்டும்.

கூடத்துத் தரையில் நீங்கள் சாக்பீஸால் வரைந்த வேனை நான் அழிக்கவில்லை. கடலில் காற்றோடு ஓட்டும் உங்கள் விண்ட்சர்ஃபிங் பலகை, அதன் பாய், கம்பம் எல்லாவற்றுக்கும் அளந்து இடம் விட்டிருக்கிறீர்கள். நேற்று நம் மகள் அதற்குள் நின்று, "நான் எங்கப்பா உக்கார்றது?" என்று கேட்டாள். "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்டா" என்றீர்கள். அப்புறம் அவள் உங்களோடு பேசினாளா, யோசித்துப் பாருங்கள்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். வெல்டருக்கும் சேர்த்துத்தான்.

பி.கு: ஏணி போட்டு வேனின் கூரையை அளந்துவிட்டேன். பலகையை அங்கே கட்டலாம். மகளை அங்கே கட்ட முடியாது.