கரண்டு காருக்கு நான் சொன்ன சரி

2025 ஜூன் 9, திங்கள்

கிளை ரோடு பிரியும் வன்னியம்பட்டி விலக்கில் இருக்கும் பச்சை போர்டை இன்று வண்டி ஓடும்போதே ஒரே மூச்சில் படித்துவிட்டேன். போன வாரம் வரை பாதி படிப்பதற்குள் போர்டு பின்னால் போய்விடும். பக்கத்தில் இருந்த முனீஸ்வரியிடம், "வன்னியம்பட்டி. சரியா?" என்றேன். "சரிப்பா. முன்னால பாருங்க" என்றாள்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் இந்த ரோட்டில் லாரியும் காருமாக நாற்பது வருஷம் ஓட்டியிருக்கிறேன். ஊர் பெயரெல்லாம் தெரியும். அதை அங்கேயே எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் இப்போது தெரிகிறது. முனீஸ்வரி என் மகள். கோர்ட்டில் வேலை. மாப்பிள்ளை பட்டாளத்தில் இருப்பதால் எங்களோடுதான் இருக்கிறாள். பஸ்ஸில் நின்றுகொண்டு போனால் இடுப்பு தாங்காது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவளைக் காலையில் கொண்டுபோய் விடுவதும் சாயங்காலம் கூட்டி வருவதும் என் வேலை. போகிற வழியில் போர்டு போர்டாகக் காட்டித்தான் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். என் பள்ளிக்கூடம் எங்கள் வெள்ளை மாருதிதான்.

சைக்கிள்காரர் ஒருவர் திட்டிக்கொண்டே போனார். இப்போதெல்லாம் யாருக்கும் பொறுமை இல்லை.

ஜூன் 11, புதன்

பால்கோவா. பால்கோவா. ஒரிஜினல் பால்கோவா. ஒரே தெருவில் எத்தனை! ஒன்று விடாமல் படித்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

சாப்பிடும்போது முனீஸ்வரி கேட்டாள். "அப்பா, மாருதி ரொம்பப் பழசாயிருச்சு. கரண்டு காரு ஒண்ணு வாங்கலாமான்னு இருக்கு. தெனம் கோர்ட்டுக்குப் போய்வரத் தாங்குமா, தாங்காதா? நீங்கதான் ஓட்டிப் பார்த்துச் சொல்லணும். ஆடி பொறக்குமுன்ன முடிவு சொல்லுங்க."

என் மனைவி பாலம்மாள், "அவுகளுக்குத் தெரியாத வண்டியா" என்று இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

இந்த வீடு கட்டும்போது தரைக்கு என்ன கல் என்று என்னை யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை பார்த்தபோதும் கடைசியில்தான் சொன்னார்கள். எனக்கு என்ன தெரியும், சரிதான். ஆனால் வண்டி விஷயத்தில் இந்த வீட்டில் என் பேச்சுக்கு மேல் பேச்சு கிடையாது. சந்தோஷமாக இருந்தது. இரண்டு தடவை கை கழுவினேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஐயாதுரையின் டயர் கடையில் இருந்தேன். என்னோடு லாரி ஓட்டியவன்.

"ஏலே சந்தனம், செல்போனுக்குப் போடுத மாதிரி காருக்குச் சார்ஜு போடணுமாம்லே. கரண்டு போச்சுன்னா மகள எப்படிலே கோர்ட்டுக்குக் கொண்டு போவ? தோள்லயா?"

"நீ டீசல் இல்லாம வடக்க இந்தூர் ரோட்டுல ஒரு மைல் லாரியத் தள்ளுனியே, அத மறந்துட்டியா?"

"அப்ப வயசு இருந்துச்சுலே."

சிரித்தோம். ஆனால் அவன் கேட்டது கேள்விதான். மழைத் தண்ணீர் தேங்கினால் என்ன ஆகும்? பேட்டரி எத்தனை வருஷம் வரும்? விசாரிக்க வேண்டும்.

ஜூன் 21, சனி

ஷோரூமில் ஓட்டிப் பார்த்தேன். "ஸ்டார்ட் ஆகலையே" என்றேன். "ஆயிருச்சு சார், போங்க" என்றார் அங்கே இருந்தவர். சத்தமே இல்லை! மிதித்தால் வழுக்கிக்கொண்டு போகிறது.

கியர் இல்லை, கிளட்ச் இல்லை. என் இடது கால் பழக்கத்தில் கிளட்ச்சைத் தேடி வெறும் தரையை மிதித்தது. பாவம், நாற்பது வருஷம் உழைத்த கால். இன்றைக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

ஜூன் 26, வியாழன்

அய்யனார் கோவில் ரோட்டில் மேடு பார்க்க வேண்டும் என்று கேட்டு இன்னொரு தடவை ஓட்டினேன். மேட்டில் திணறவில்லை. இறக்கத்தில் காலை எடுத்தால் தானாக இழுத்துப் பிடிக்கிறது. அப்போது பேட்டரியில் சார்ஜ் ஏறுகிறதாம். மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தி வனத்துறை போர்டு முழுவதும் படித்தேன். யானை நடமாட்டம் உள்ள பகுதி. இத்தனை வருஷம் அதன் அடியில்தான் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டிருக்கிறோம்.

ஜூன் 29, ஞாயிறு

முடிவு சொன்னேன்.

இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். தூரப் பயணத்துக்கு எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. தினசரி கோர்ட்டுக்குப் போய்வர இது போதும். ராத்திரி சார்ஜ் போட்டால் காலையில் தயாராக இருக்கும், கரண்டு போனாலும் முந்தின நாள் சார்ஜ் மிச்சம் இருக்கும். ஒரே ஒரு குறை. சத்தம் இல்லாததால் தெருவில் படுத்திருக்கும் நாய் எழுந்திருக்காது. ஹாரன் அடித்துக்கொள்ள வேண்டும். "மத்தபடி வாங்கலாம்" என்றேன்.

"நெசமாவாப்பா?" என்றாள் முனீஸ்வரி. கண் கலங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு செத்த நேரம் விடவே இல்லை. பாலம்மாள் கேசரி கிண்டினாள். ரவை முன்கூட்டியே வறுத்து வைத்திருந்தாள் போல, சீக்கிரம் வந்துவிட்டது.

ஜூலை 3, வியாழன்

எலக்ட்ரீசியன் விமல் சார்ஜ் போடும் பாயிண்ட் வைக்க வந்தான். பக்கத்துத் தெருப் பையன்தான். அளவு டேப்பைக் கொடுத்தேன்.

"வேணாம் பெரியப்பா. அளவெல்லாம் எங்கிட்ட இருக்கு. போன தடவ வந்தப்பயே எடுத்துட்டேன்."

"எப்ப வந்த?"

"மே மாசம். நீங்க வெளிய போயிருந்தீக. காரு புக் பண்ணியாச்சு, வர ரெண்டு மாசம் ஆகும், அதுக்குள்ள லைன் இழுத்துரணும்னு அக்கா சொன்னாக."

அவன் ஏணியில் நின்றான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் இறங்கும்வரை பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மே மாசம். என்னைக் கேட்டது ஜூனில்.

ஜூலை 4, வெள்ளி

கோர்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். ஒரு போர்டும் படிக்கவில்லை. முனீஸ்வரியும் ஏன் என்று கேட்கவில்லை.

ஜூலை 5, சனி

பாலம்மாளிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியும்.

"ஒங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் அவ கேட்டா. நீங்களும் வாங்கலாம்னுதான சொன்னீக? பொறவு என்ன?"

"வேண்டாம்னு சொல்லியிருந்தா?"

குக்கர் விசில் அடித்தது. உள்ளே போய்விட்டாள்.

வேண்டாம்னு சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பாக? மேடு பார்க்கணும்னு நான் அய்யனார் கோவிலு வரைக்கும் போனேன். மழைத் தண்ணி, பேட்டரின்னு ஊரெல்லாம் விசாரிச்சேன். வாங்கின வண்டிய வாங்கலாமான்னு சின்னப் பிள்ளைகிட்ட கேக்குத மாதிரி கேட்டிருக்காக. நானும் ரெண்டு பேரையும் உக்கார வச்சு முடிவு சொன்னேன். நாய் எந்திரிக்காதுன்னு சொன்னேன்! ரெண்டு பேரும் சிரிக்காம கேட்டுக்கிட்டு இருந்தாகளே.

ஜூலை 11, வெள்ளி

கார் வந்துவிட்டது. ஷோரூமில் மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கோபம் இருந்தாலும் புது வண்டி, நல்ல காரியம் என்று வெள்ளை வேட்டி கட்டிப் போனேன். டிரைவர் பக்கத்துக் கதவுக்கு அருகில் நின்றேன்.

சாவியை முனீஸ்வரியிடம் கொடுத்தார்கள். அவள் என்னைச் சுற்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்து உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, நேராக ஓட்டிக்கொண்டு வெளியே போனாள். பாலம்மாள் கை தட்டினாள்.

நான் ஷோரூம் வாசலில் நின்றேன்.

பாலம்மாள் அப்போதுதான் சொன்னாள். பங்குனியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் மத்தியான நேரத்தில் படித்திருக்கிறாள். லைசென்சும் வாங்கிவிட்டாள். எம் மக வண்டி படிச்சிருக்கா. வேற ஆளுகிட்ட.

ஜூலை 13, ஞாயிறு

இன்று நேருக்கு நேர் கேட்டுவிட்டேன். "ஏட்டி, எனக்கு எழுத்துச் சொல்லிக்குடுத்த. எங்கிட்ட வண்டி படிக்க மட்டும் ஒனக்கு மனசு வரல. என்ன குத்தம் செஞ்சேன்?"

அழுதுகொண்டே சொன்னாள்.

"பயந்துக்கிட்டே உக்காந்து வந்தேன்ப்பா. மாசிலயிருந்து. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக ரோட்டத் தாண்டுனாக, நீங்க பாக்கவே இல்ல. நான் கையப் பிடிச்சு இழுத்தேன். நீங்க என்ன சொன்னீக தெரியுமா? 'உரக்கடை. சரியா?'ன்னு கேட்டீக. அந்தச் சைக்கிள்காரரு எம்புட்டுக் கிட்டக்க வந்தாரு, தெரியுமா?"

"சொல்லியிருக்கலாமேட்டி."

"முன்னால பாருங்கன்னு தெனம் சொன்னேன். அதுக்கு மேல சொன்னா நீங்க படிக்கிறத விட்டுருவீக. இந்த வயசுல ஒரு எழுத்துப் படிச்சுட்டு ஒங்க மொகம் இருக்குத இருப்பு... அத எப்படிப்பா வேணாம்னு சொல்லுவேன்? அதான் வண்டிய நான் எடுத்துக்கிட்டேன்."

"பொறவு எதுக்கு எங்கிட்ட முடிவு கேட்ட?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

பிள்ளைகள் ரோட்டைத் தாண்டியது எனக்கு ஞாபகமே இல்லை. உரக்கடை போர்டு ஞாபகம் இருக்கிறது. சிவப்பு எழுத்து.

இருக்கட்டும். வண்டியா, எழுத்தா, ஏதோ ஒன்றை விட வேண்டும் என்றால் எதை விடுவது என்று என்னைக் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டியது அது. அதை யாரும் கேட்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

அவள் தனியாகக் கோர்ட்டுக்குப் போனாள். நான் பஸ் ஸ்டாண்டு போய், போர்டு படித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் நானாகவே ஏறினேன். யாரிடமும் கேட்கவில்லை. அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

ஜூலை 18, வெள்ளி

ஐயாதுரை தெருவில் வைத்துக் கேட்டான். "ஒன் மக இந்தப் பக்கந்தான் போறா. ஒரு சத்தமும் இல்ல. வண்டியும் சரி, அவளும் சரி. ஒனக்கே தெரியாம கெளம்பிட்டாள்ல?"

"சும்மா கெடலே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இருபது வருஷத்தில் அவனோடு டீ குடிக்காமல் வந்தது இன்றுதான்.

ஜூலை 22, செவ்வாய்

ஒருவரும் இல்லாத நேரத்தில் மாருதியை எடுத்தேன். போர்டு பக்கம் திரும்பாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்வந்து, அதை முனீஸ்வரியிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

முதல் வளைவு வரை முடிந்தது. அதன் பிறகு கண் தானாகப் போகிறது. எழுத்துத் தெரியாத காலத்தில் போர்டு வெறும் தகரமாக இருந்தது. இப்போது ஒவ்வொன்றும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. 'மாட்டுத் தீவனம் கிடைக்கும்' என்று படித்து முடித்து முன்னால் பார்த்தால், புல்லுக்கட்டோடு ஒரு பெண். பிரேக் போட்டேன். வண்டி அவளை உரசாமல் நின்றது. கட்டு கீழே விழுந்துவிட்டது. இறங்கித் தூக்கிவிட்டேன். "பார்த்து வாங்கய்யா, வயசான காலத்துல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அங்கிருந்தே திரும்பினேன். சாவியைச் சாமி படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டிவிட்டேன். பாலம்மாள் பார்த்தாள்.

முனீஸ்வரி சொன்னது சரிதான். ஆனாலும் ஆறவில்லை. சரியாகச் சொன்னவள் மே மாசத்திலேயே சொல்லியிருக்கலாமே?

ஜூலை 28, திங்கள்

ஆடிப்பூரம். ஆண்டாள் தேர். பாலம்மாளும் மகளும் காரில் போனார்கள். நான் வீட்டில் இருந்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

முனீஸ்வரி வந்து கதவருகில் நின்றாள். "நேத்து தேர்க் கூட்டத்துல ரொம்பப் பயந்துட்டேன்ப்பா. பக்கத்துல ஒரு ஆள் இருந்தா நல்லாருக்கும். நாளைக்கு கோர்ட்டு வரைக்கும் வாரீகளா?"

"வரலன்னா?"

"தனியாத்தான் போவேன்." சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரியவில்லை. பார்த்தால் தெரிந்தது.

யோசிச்சுச் சொல்றேன் என்றேன்.

ஜூலை 30, புதன்

போனேன். இடது பக்கம் உட்கார்ந்தேன். இந்தப் பக்கத்திலிருந்து ரோடு வேறு மாதிரி இருக்கிறது. போர்டெல்லாம் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே வந்து போகிறது.

நன்றாகத்தான் ஓட்டுகிறாள். வேகத்தடையில் மட்டும் கொஞ்சம் தூக்கிப் போடுகிறாள். வன்னியம்பட்டி விலக்கில் முன்னால் போன பஸ் திடீரென்று நின்றது. அவள் பிரேக் பிடிப்பதற்குள் என் வலது கால் ஓங்கி மிதித்துவிட்டது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் அந்த இடத்தில், சொல்லிக்கொடுப்பவருக்கு என்று ஒரு பிரேக் இருக்கும். இதில் ரப்பர் விரிப்புத்தான் இருந்தது.

வண்டி நின்றது. அவள்தான் நிறுத்தினாள். என் காலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

பஸ் கிளம்பிய பிறகு, "போர்டு படிங்கப்பா. இப்பப் படிக்கலாம்ல" என்றாள்.

படிக்கவில்லை. கோர்ட்டு வாசல் வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டு போனேன்.