திங்கட்கிழமை முத்திரை

மதுரை,
16.7.2024

அக்கா,

செபாஸ்தியம்மாளின் பணியாரக் கடையை இடித்தது நீதான். பொக்லைன் வந்தது சனிக்கிழமை. ஐகோர்ட் தடை உத்தரவை வெள்ளி மாலையே திண்டுக்கல் கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டுவந்து உன் தபால் மேஜையில் கொடுத்தேன். அதில் திங்கட்கிழமை முத்திரை குத்தியிருக்கிறாய். வேறு யாராக இருந்தாலும் நகலில் கையெழுத்து வாங்கியிருப்பேன். சொந்த அக்காவிடம் எந்த வக்கீல் அத்தாட்சி கேட்பான்?

வெள்ளைக்காரன் காலத்தில் வரி வாங்கியதும் கலெக்டர், தண்டித்ததும் கலெக்டர். அதைப் பிரித்துவிட்டோம் என்று சட்டக் கல்லூரியில் படித்தேன். பிரான்சில் அரசு அலுவலகங்களைக் கேள்வி கேட்கத் தனி நீதிமன்றங்களே உண்டு. இங்கே ஐகோர்ட்டுக்கு மேல் உன் ரப்பர் முத்திரை.

அல் அமீன்


திண்டுக்கல்,
20.7.2024

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மாவுக்கு மூச்சிரைப்பு பரவாயில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனை எடுக்கவில்லை என்று கோபிக்காதே. "ஒந் தம்பி ரெக்கார்டு பண்ணுவான்மா" என்கிறார் எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டு.

நாலு மணிக்கு மேல் வரும் தபாலுக்கு அடுத்த வேலை நாள் முத்திரைதான். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இதுதான் பழக்கம். ஆனாலும் அன்று உன் உத்தரவை சூப்பிரண்டிடம் கொண்டுபோனேன். "கோர்ட்டு தபாலா? இப்பப் பிரிச்சா நாளைக்கு வார மெஷினுக்கு யாரு பதில் சொல்றது? திங்கக்கிழம பாத்துக்கலாம். வீட்டுக்குப் போ தாயி" என்றார். போய்விட்டேன்.

நானும் அந்தப் பணியாரம் தின்று வளர்ந்தவள்தான். ஆனால் அம்மாவின் மருந்தும் உன் அறை வாடகையும் என் சம்பளத்தில்தான் நடக்கின்றன, தம்பி.

உன் அக்கா
பாஸிலா


மதுரை,
24.7.2024

அக்கா,

வாடகை இனி அனுப்பாதே. உங்கள் அலுவலகத்தின் மேல் கோர்ட் அவமதிப்பு வழக்குப் போட்டிருக்கிறேன். உன் கடிதத்தையே கோர்ட்டில் வைக்கலாம். வைக்க மாட்டேன். நீயாக வந்து சொல்.

அமீன்


மதுரை,
5.9.2024

அக்கா,

நீ வரவில்லை. உத்தரவு திங்களன்றுதான் கிடைத்தது என்று உங்கள் அலுவலகம் பதில் மனு போட்டது. அதற்குச் சாட்சி உன் முத்திரை. வழக்கை முடித்துவிட்டார்கள்.

செபாஸ்தியம்மாள் இப்போது நாகல் நகர் ரோட்டோரம் அடுப்பு வைத்திருக்கிறார். விரட்டினால் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். நடந்ததைச் சொன்னேன், நம்பவில்லை. "ஏலே, பாஸிலா எங்கடையில தின்னு வளந்த புள்ள. அந்தப் பேப்பரு முன்னாடியே வந்திருந்தா விட்ருப்பாளா? அவ கிட்டயே கேட்டுச் சொல்லு அப்பு" என்கிறார்.

கோர்ட்டுக்கு வேண்டாம். அவருக்கு மட்டும் எழுது. உத்தரவு வந்தது எந்தக் கிழமை?

அமீன்


மதுரை,
21.10.2024

அக்கா,

தபால் மேஜையில் இருப்பவள் நீ, என் தபால் வரவில்லை என்று சொல்லாதே. அந்த அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எந்தக் கிழமை? எழுது.