ஆளுக்குப் பாதிக் கணக்கு

மார்ச் 9, ஞாயிறு

கிளாங்கில் இன்றும் தண்ணீர் இல்லை. நீல டிரம்மில் பிடித்து வைத்ததைத்தான் ஓட்டுகிறோம். சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் டிரம்மின் அடியில் இருக்கும் குழாயைத் திறந்து வாளியை வைத்தேன். முதலில் சர்ரென்று கொட்டியது. மட்டம் இறங்க இறங்க வேகம் குறைந்து, கடைசியில் நூலாகிவிட்டது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“தண்ணி பிடிக்கிறியா, தியானம் பண்றியா?” என்றார் கிரிகரி.

இரண்டும் இல்லை, பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொன்னால் இந்த மனிதர் தெரு முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். ஏற்கெனவே சொல்லித்தான் வைத்திருக்கிறார்: “எங்க வீட்டுல மகன் பாலிடெக்னிக், பொண்டாட்டி ஃபார்ம் சிக்ஸ்.”

நாற்பத்தைந்து வயதில் எஸ்டிபிஎம், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவப் பரீட்சை. பள்ளிக்குப் போகாமல் தனியாகப் பதிந்து எழுதுகிறேன். ஷா ஆலாம் ஃபேக்டரியில் என் தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு இது தேவையே இல்லை. எனக்குத்தான் தேவை. பள்ளி நாளில் இதே பரீட்சையை எழுதியபோது பிசிக்ஸில் நல்ல மார்க், மேத்ஸில் தோல்வி. பல்கலைக்கழகத்துக் கதவு மூடியது அந்த மேத்ஸால்தான்.

முதல் தவணையில் மேத்ஸ் மயிரிழையில் தப்பியது. இரண்டாம் தவணை முழுக்க நுண்கணிதம். அன்று நான் விழுந்த குழி அதுதான். இதிலும் விழுந்தால் புத்தகங்களை எல்லாம் பழைய பேப்பருக்குப் போட்டுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். கிரிகரி சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் தாமரையைப் பார்த்தேன். ஆறாம் படிவத்தில் என் பக்கத்து இருக்கை. இப்போது பிரிக்பீல்ட்ஸில் வீடு, பங்சாரில் பேங்க் வேலை. விஷயத்தைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஞாயித்துக்கிழம எங்க பக்கம் வா லா. பழைய மாதிரி ஒன்னா போடுவோம்.”

அடுத்த வாரம் போகிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

கொமுட்டர் ரயிலில் போய் இறங்கினேன். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மூலை மேசை. இலையை எடுத்ததும் புத்தகத்தை விரித்தோம். பரிமாறுகிறவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“கொஞ்ச நேரம் இருக்கலாமா அண்ணே?”

“இருங்கக்கா. கூட்டம் வந்தா எழுப்பி விட்டுர்றேன்.”

தாமரை மாறவே இல்லை. பென்சிலைப் பல்லில் கடிக்கிற பழக்கம்கூட அப்படியே. நான் கேள்வியைப் படித்தேன். மலையிலிருந்து விழும் கல், காற்று எதிர்க்கிறது. எது கீழே இழுக்கிறது, எது மேலே தள்ளுகிறது என்று அம்பு போட்டு, சமன்பாட்டை எழுதினேன். எழுதி முடிக்கும் முன்பே தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான்கு வரி. விடை.

மனம் எங்கள் பழைய கிளாங் பள்ளியின் ஆய்வுக்கூடத்துக்கே போய்விட்டது. மெழுகு பூசிய மர மேசை, எண்ணெய் வாடை, வேகத்தை அளக்கப் புள்ளி குத்திக்கொண்டே கடகடவென்று ஓடும் டிக்கர் டேப். எங்கள் இருவரில் யாரும் ஒரு கணக்கைத் தனியாக முழுதாகச் செய்ததே இல்லை. கேள்வியில் இருக்கும் கதையைச் சமன்பாடாக மாற்றுவது என் வேலை. அந்தச் சமன்பாட்டைத் தீர்ப்பது அவள் வேலை. ஆளுக்குப் பாதி. வகுப்பிலேயே முதலில் முடிப்பது நாங்கள்தான். என்ன ஒரு கர்வம் அப்போது!

ரயிலில் வரும்போது எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். எதிர்சீட்டு ஆன்டி இடம் மாறி உட்கார்ந்தார்.

மார்ச் 19, புதன்

ஃபேக்டரியில் மூன்று பேர் லீவு. புத்தகத்தைத் தொடவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

நாளை ஹரி ராயா, நோன்புப் பெருநாள். பிரிக்பீல்ட்ஸ் காலியாக இருந்தது, எங்களை எழுப்ப ஆளில்லை.

நாகையா சாரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பிசிக்ஸ் சார். முதல் வாரமே போர்டில் வகையீட்டை எழுதிவிட்டார். மேத்ஸ் டீச்சர் திருமதி லிம்மின் அட்டவணையிலோ அது அடுத்த தவணையில்தான் வருகிறது. நான் இன்னும் தொடாத பாடத்தை நீங்கள் எப்படி எடுக்கலாம் என்று வராந்தாவில் சண்டைக்கு வந்துவிட்டார். சார் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுத் தமிழில் சொன்னார்: “கல்லு கீழ விழறதுக்கு அந்தம்மாவோட அட்டவணையப் பாத்துட்டா விழும்?”

நான் சாரின் கல்லை நம்பினேன். தாமரை லிம் டீச்சரின் விதிகளை நம்பினாள். ஒன்றைத்தான் இரண்டு பேரும் இரண்டு மொழியில் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. சார் இறந்து எட்டு வருடம் ஆகிறதாம். தாமரை சொல்லித்தான் தெரியும். 

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். தாமரையைப் பார்க்கப் போகவில்லை. மதியம் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு, பழைய கேள்வித்தாள் ஒன்றை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தேன்.

முடியல.

ஒன்னுகூட முடியல. எல்லாக் கேள்விக்கும் சமன்பாடு எழுதிட்டேன், அழகா, தப்பில்லாம. அதுக்குக் கீழ வெறும் வெள்ளை. கை தானா தாளை எதிர்ப்பக்கம் தள்ளுது! எதிர்ல யாரு இருக்கா? மேசைதான் இருக்கு.

பழைய குருடி கதவைத் திறடி. அன்றைக்கும் இதுதானே நடந்தது? பரீட்சை மண்டபத்தில் நான் ஒரு கோடி, அவள் ஒரு கோடி. என் மேத்ஸ் தாளில் தொடக்கம் மட்டும். அவளுடைய பிசிக்ஸ் தாளில் தொடக்கமே இல்லை. யாராவது சமன்பாட்டைக் கொடுத்திருந்தால் பின்னி எடுத்திருப்பாள். நான் மேத்ஸில் போனேன், அவள் பிசிக்ஸில் போனாள். ஒரு கணக்கைச் செய்ய இரண்டு பேர் வேண்டுமென்றால் ஒரு நாற்காலியில் இரண்டு பேரையா உட்கார வைப்பார்கள்?

இந்த ஐந்து வாரமாக நான் படிக்கவில்லை. பழைய நாட்களைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்து அழகு பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சொல்லிவிட்டேன். எப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ அப்படி.

அவள் தாளை இழுத்ததும் வெடுக்கென்று திரும்பப் பிடுங்கினேன். “நீ போடாத. நான் போடணும்.”

“நீ முழிச்சிக்கிட்டு இருந்த. அதான்.”

“முழிக்கிறேன். விடு. நீ பக்கத்துல இருந்தா எனக்கு வரவே மாட்டேங்குது.”

கடைசி வாக்கியம் வேண்டாததுதான். ஆனால் உண்மை. தாமரை பென்சிலைக் கீழே வைத்தாள்.

“அப்ப நான் எதுக்கு வரேன், ஷெர்லி?”

 அவளே பேசினாள். “பேங்க்ல நாள் முழுக்க யாரோ எழுதிக் குடுத்த கணக்கத்தான் போடறேன். இங்க வந்தா கொஞ்சம் ஃபார்ம் சிக்ஸ் புள்ளையா இருக்கேன். சரி லா. நீயே பண்ணிக்கோ.”

தே தாரிக் டீ பாதி கிளாஸ் இருக்கும்போதே போய்விட்டாள். பரிமாறுகிற அண்ணன் என்னைப் பார்க்காத மாதிரி பக்கத்து மேசையைத் துடைத்தார்.

மே 4, ஞாயிறு

போகவில்லை. அவளும் கேட்கவில்லை.

மே 18, ஞாயிறு

இன்று ஒரு கணக்கை முழுதாக முடித்தேன். டிரம்மிலிருந்து தண்ணீர் வடிகிற கணக்கு. நீர்மட்டத்தை ஒரு பக்கம், நேரத்தை ஒரு பக்கம் பிரித்துப் போட்டு, தொகையிட்டு, விடை வரை வந்துவிட்டேன். புத்தகத்தின் பின்பக்க விடையோடு ஒத்துப்போகவில்லை. தேடித் தேடிப் பார்த்தால், தொகையிட்டதும் போட வேண்டிய மாறிலியை விட்டிருக்கிறேன். லிம் டீச்சர் சிவப்பு மையில் வட்டம் போட்டு மார்க் கழித்த அதே மாறிலி! திரும்பப் போட்டேன். வந்தது.

கிரிகரியிடம் காட்டினேன். “இதுல எது விடை?” என்றார். மனிதர் அன்பாகத்தான் கேட்டார். ஆனால் இதைப் பார்த்ததும் கத்த வேண்டியவள் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறாள். ஃபோனை எடுத்தேன். என்ன எழுதுவது? வைத்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

மறுபடியும் தண்ணீர் வெட்டு. இந்த முறை தாமரை பக்கமும் சேர்த்து.

மதியம் தாமரையிடமிருந்து ஒரு படம் வந்தது. அவள் வீட்டு டிரம், அடியில் குழாய், ஓடும் தண்ணீர். கூடவே ஒரு தாள். தண்ணீர் ஏன் போகப் போக மெதுவாகிறது என்று அவளே யோசித்து, அவளே எழுதிய சமன்பாடு: மட்டம் மாறும் வேகம், மட்டத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. வேறு ஒரு வார்த்தை இல்லை.

வாழ்நாளில் அவள் கேள்வியைப் படித்துச் சமன்பாடு எழுதி நான் பார்த்ததில்லை. எல்லாம் சரி. முன்னால் ஒரு கழித்தல் குறி மட்டும் இல்லை.

குறியைப் போட்டுத் திருப்பி அனுப்ப விரல் துடித்தது. அனுப்பவில்லை. “உன் கணக்குப்படி டிரம் நிரம்புதுடி” என்று எழுதினேன்.

 கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். அப்புறம் வந்தது: “குழாயத் தொறந்தா நிரம்புற டிரம். இந்த ஊருக்கு இதான் லா வேணும்.” அதற்குக் கீழே புதுத் தாள். கழித்தல் குறியைப் பேனாவில் இரண்டு முறை அழுத்திப் போட்டிருக்கிறாள்.

டிரம் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். சிரிப்பும் வந்தது.

ஜூலை 9, புதன்

நாளை. கால்குலேட்டருக்குப் புது பேட்டரி போட்டாயிற்று.

ஜூலை 10, வியாழன்

மண்டபத்தில் சுற்றிலும் என் மகன் லியோனல் வயசுப் பிள்ளைகள். ஒரு பெண் நான் மேற்பார்வையாளர் என்று நினைத்துக் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டாள். போய்ட்டு வாம்மா என்றேன்.

வெளியே வந்தால் கேட் பக்கத்தில் தாமரை. லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். எதிர்க்கடையில் உட்கார்ந்ததும் முதல் பேச்சே, “கேள்விய மட்டும் சொல்லு. விடையச் சொல்லாத.”

சொன்னேன். அறையின் வெப்பம் முப்பது டிகிரி. அதில் தொண்ணூறு டிகிரி காப்பி. பத்து நிமிடத்தில் எழுபதுக்கு வந்துவிட்டது. ஐம்பதுக்கு வர மொத்தம் எவ்வளவு நேரம்?

பேனாவை என் பையில் தேடினேன். அதற்குள் அவள் தண்ணீர்க் கிளாஸில் விரலை நனைத்து மேசையில் எழுத ஆரம்பித்துவிட்டாள். முதலில் கழித்தல் குறி. அப்புறம் நின்றாள். தன் தே தாரிக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

“இது ஆறி ஆறி ஐஸா ஆகாதுல்ல? ரூம் அளவுக்கு வந்து நின்னுரும். அப்ப காப்பியோட சூட்டுலருந்து ரூமோட சூட்டக் கழிக்கணும். அந்த மிச்சத்தப் பொறுத்துதான் வேகம்.” எழுதினாள். நிமிர்ந்து பார்த்தாள். “சரியாடி?”

சரி என்று தலையை ஆட்டினேன்.

அடுத்த வரிக்கு அவள் விரல் தானாகப் போனது. பாதியில் மடக்கிக்கொண்டாள். கிளாஸை என் பக்கம் நகர்த்தினாள். “நீ போடு.”

நனைத்து எழுதினேன். பிரித்தேன், தொகையிட்டேன், மாறிலியைப் போட்டேன். நான் கீழே எழுத எழுத, மேலே அவள் எழுதியது காய்ந்துகொண்டே வந்தது. கடைசி வரியை ஃபோனில் தட்டிப் பார்த்தாள்.

“இருபத்தேழு நிமிஷம்.”

“தாள்லயும் அதத்தான் எழுதியிருக்கேன்.”

அவள் போட்ட சத்தத்தில் கடைக்காரர் என்ன பாஸ் என்று ஓடி வந்தார்.

அக்டோபர் 5, ஞாயிறு

மேத்ஸில் பி கிரேடு. தெரு முழுக்க கிரிகரி சொல்லி முடித்துவிட்டார்.

பிரிக்பீல்ட்ஸ், அதே மூலை மேசை. தாமரை பிசிக்ஸுக்குப் பதிந்திருக்கிறாள். அவளுக்குச் சொந்தப் புத்தகம், எனக்கு என் புத்தகம். அவள் சாய்வான பலகையில் வழுக்கி இறங்கும் பெட்டிக்கு அம்பு போட்டுக்கொண்டிருந்தாள். உராய்வின் அம்பு தப்பான பக்கம் பார்த்தது. பெட்டி கீழே வந்தால் உராய்வு அதை மேலே இழுக்க வேண்டும், இவளோ உராய்வையும் கீழேயே இழுக்க விட்டிருக்கிறாள்.

என் கை பேனாவை எடுத்துவிட்டது. மூடியைப் போட்டுப் பைக்குள் வைத்தேன். அண்ணனைக் கூப்பிட்டு இன்னும் இரண்டு தே தாரிக் சொன்னேன்.